மேற்படி முழங்கால் தொடர்பாக

ஞாயிற்றுக்கிழமை நடந்த அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தின் பிற்பாதியில், டிமேரியன் பிக்கெட் என்ற இருபத்திரண்டு வயது ஓட்டக்காரன், பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடும்போது இடது முழங்கால் மடங்கிக் கீழே விழுந்தான். நாலு பேர் சேர்ந்து அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். விஸ்கான்சின் மாநிலத்தில் ஹால்வர்ஸ் கார்னர் என்ற சிற்றூரில் இதைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் வெறும் ரசிகர்களாக இருந்திருந்தால், ஐயோ பாவம் என்று சொல்லிவிட்டு அடுத்த பீரைத் திறந்திருப்பார்கள். ஆனால் அவர்கள் முதலாளிகள். முதலாளிகள் அப்படி விட்டுவிட முடியாது.

அந்த அணிக்குத் தனி முதலாளி கிடையாது. பொதுமக்களுக்குப் பங்கு விற்று நடத்தப்படும் அணி அது. அந்தப் பங்குக்கு லாபம் வராது, அதை விற்க முடியாது, யாரும் அடகுக்கும் வாங்கமாட்டார்கள். கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம். ஹால்வர்ஸ் கார்னரில் அப்படி மாட்டி வைத்திருந்த பதினோரு பேர், வெள்ளிக்கிழமை சாயங்காலம்தோறும் ஆர்லீனின் மதுக்கடையில் மீன் வறுவல் சாப்பிட்டபடி அணியை நிர்வாகம் செய்துவந்தார்கள். எட்டு வருஷமாக நடக்கும் இந்த நிர்வாகம் அணிக்கு மட்டும் தெரியாது.

தலைவர் டுவேன் ஸ்டெல்ஸ்னர். கவுண்டி, அதாவது உள்ளூர் மாவட்ட நிர்வாகத்தின், நெடுஞ்சாலைத் துறையில் கண்காணிப்பாளர். அலுவலகத்தில் பேசிப் பழகிய பாஷையை வீட்டில் உப்புக் கேட்பதற்கும் பயன்படுத்துகிறவர். செயலாளர் வெர்லின் காஸ்பர். அதே துறையில் இருபத்தாறு வருஷமாகப் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவர். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பதால் மினிட் புத்தகம் அவரிடம் இருந்தது.

வெர்லினிடம் இன்னொன்றும் இருந்தது. அவருடைய இடது முழங்காலும் போய்விட்டிருந்தது. இரண்டு வருஷமாக அது சரியாக மடங்குவதில்லை. லாரியிலிருந்து இறங்கும்போது முகத்தை வண்டிப் பக்கம் திருப்பி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பின்புறமாக ஒவ்வொரு படியாக இறங்குவார். கேட்டால் அதுதான் பாதுகாப்பு விதி என்பார். முழு ஓய்வூதியத்துக்கு இன்னும் நாலு வருஷம் பாக்கி. துறைக்குத் தெரிந்தால் லாரியிலிருந்து இறக்கிவிடுவார்கள். ஓய்வூதியம்கூட அவருக்கு அப்புறம்தான். விடிவதற்கு முன்னால், யாருமே தடம் பதிக்காத பனியில் முதல் ஆளாக வண்டியை விடுவது அவருக்கு அவ்வளவு பிடிக்கும். விஷயம் தெரிந்த ஒரே ஆள் அவர் மனைவி யூனிஸ். இரண்டு வருஷமாகப் பக்கத்து நாற்காலியில் காலை நீட்டி வைத்துக்கொண்டு மீன் தின்கிறவரைப் பற்றி மேசையில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. அவர்கள் எல்லாரும் தொலைக்காட்சியில் பிக்கெட்டின் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை அவசரக் கூட்டம். பொருள்: மேற்படி முழங்கால். விழுந்த காட்சியை மெதுவாக ஓடவிட்டு ஒன்பது முறை பார்த்தார்கள். மருத்துவக் கருத்துச் சொல்ல டாக்டர் ஓபெர்க் இருந்தார். அவர் மாட்டு வைத்தியர். ஜவ்வு கிழிந்திருக்கிறது, கறவை மாடாக இருந்தால் தான் ஒரு வாரம்கூடக் காத்திருக்கமாட்டேன் என்றார். தீவனக் கடை வைத்திருக்கும் கோர்டி, இந்த மாதிரி முழங்காலோடு திரும்பி வந்தவர்கள் பட்டியலையும் வராதவர்கள் பட்டியலையும் காகிதத்தில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். இரண்டு பட்டியலிலும் ஒரே பெயர் மூன்று இடத்தில் இருந்தது. அதைப் பற்றி முக்கால் மணி நேரம் விவாதம் நடந்தது.

முட்டைக்கோஸ் சாலடை மேசையில் வைக்க வந்த ஆர்லீன், "சின்னப் பையன்யா அவன். ஒரு வருஷம் பொறுத்துப் பாத்தா என்ன?" என்று கேட்டாள். ஆர்லீனிடம் பங்கு இல்லை. எனவே அந்தக் கருத்து மினிட் புத்தகத்தில் ஏறவில்லை.

அன்றைக்கு எல்லாரையும் மிஞ்சிப் பேசியவர் வெர்லின்தான். முழங்காலுக்குப் பரிந்து பேசினால் எவனாவது நம் முழங்காலைப் பார்த்துத் தொலைப்பானோ என்ற பயத்தில் வாயைத் திறந்தார். திறந்த பிறகு பேச்சு தன்னால் வந்தது.

"போன முழங்கால் போனதுதான். அவன் நல்லவனா கெட்டவனாங்கறது பேச்சில்ல. இப்ப பாவம் பாத்தோம்னா, நாளைக்கு நொண்டிக்கிட்டு நிக்கிறவனுக்கு நாமதான் சோறு போடணும். மதிப்பு கொஞ்சம் இருக்கும்போதே வேற யார் தலையிலயாவது கட்டிட்டு, ரெண்டு இளசுங்களைப் பிடிச்சுப் போடணும். நிர்வாகம்னா அதான்."

மேசை அசந்துபோய்விட்டது. இருபத்தாறு வருஷமாகத் தன் கீழ் வேலை பார்க்கிற ஆளுக்குள் இப்படி ஒரு நிர்வாகி இருந்தது தெரியாமல் போயிற்றே என்று டுவேன் வருத்தப்பட்டார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. அதை அணிக்கு அனுப்ப முறையான காகிதம் வேண்டும். டுவேனின் பையில் இருந்தது ஒரே ஒரு வகைக் காகிதம்: பழுதான லாரிகளைக் கண்டம் செய்து கழித்துவிடும் படிவம். அதுவே போதும் என்று முடிவாயிற்று. வெர்லின் தன் முத்தான எழுத்தில் நிரப்பினார். தயாரிப்பு ஆண்டு, பிக்கெட் பிறந்த வருஷம். ஓடிய தூரம், இரண்டு பருவத்தில் ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் கஜம். பழுது, இடப்பக்கம், நடுமூட்டு. பழுது நீக்கத் தக்கதா என்ற இடத்தில் "அல்ல" என்று எழுதி அடிக்கோடிட்டார்.

அந்தப் படிவத்துக்கு மூன்று நகல். வெள்ளை நகல் அணிக்குப் போனது. உங்கள் ஆதரவுக்கு நன்றி என்று அச்சடித்த அட்டை ஒன்று திரும்பி வந்தது. தீர்மானத்தை அணி ஏற்றுக்கொண்டதாக அதை மினிட்டில் பதிந்தார்கள். இளஞ்சிவப்பு நகல் கோப்பில் போயிற்று. மஞ்சள் நகலை டுவேன் பழக்க தோஷத்தில் கவுண்டி நிர்வாகியின் அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டார்.

நிர்வாகியான டால்கிரென் அம்மையார் அப்போதுதான் ஒரு நிர்வாகப் பயிற்சி முகாமுக்குப் போய்த் திரும்பியிருந்தார். இனிமேல் அலுவலகம் என்று எதுவும் கிடையாது, எல்லாமே அணிதான் என்று அங்கே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். மஞ்சள் நகலைப் பார்த்ததும் அவருக்குக் கண் திறந்தது. லாரிக்கு இருக்கிற வசதி ஊழியருக்கு ஏன் இல்லை என்று கேட்டு உடனே ஒரு சுற்றறிக்கை விட்டார். கால்பந்து அணிகள் ஆட்டக்காரர்களுக்குச் செய்வதைப் போல, புதன்கிழமைதோறும் ஒவ்வொரு துறையும் ஊழியர்களின் உடல்தகுதிப் பட்டியலை ஒட்ட வேண்டும். மூன்றே வகை: உறுதி, சந்தேகம், வாய்ப்பில்லை.

இரண்டே வாரத்தில் கவுண்டி அடையாளம் தெரியாமல் மாறிவிட்டது. யாரும் தும்மவில்லை. நூலகத்தில் ஜலதோஷம் பிடித்த ஒரு பெண்ணைச் "சந்தேகம்" என்று போட்டதும், அவள் மேசையில் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கவே ஆள் வரவில்லை. வரி அலுவலகத்தில் மூன்று பேர் மாடிப்படிக்கட்டில் ஓடி ஓடி ஏறிக் காட்டினார்கள். அதில் ஒருவர் மேலே போய்ச் சேர்ந்ததும் "வாய்ப்பில்லை" ஆனார். வெர்லின் தன் பெயருக்கு நேரே "உறுதி" என்று தன் கையாலேயே எழுதிக்கொண்டார்.

இதற்கிடையில் அணி ஓர் அறிவிப்பு வெளியிட்டது. பிக்கெட்டுக்கு அறுவை சிகிச்சை நல்லபடி முடிந்தது, அவன் குணமாகும்வரை காத்திருப்போம், அவன் நம் பையன் என்று சொன்னது. ஆர்லீன் கடை மேசை கொதித்துப்போனது. சொந்த முதலாளிகளின் பேச்சை மதிக்காத இந்த மாதிரி அணி எங்கே உருப்படப் போகிறது என்றார் கோர்டி. அங்கேதான் நம் பேச்சு எடுபடவில்லை, நம் கையில் இருக்கிற இடத்திலாவது முறையாக நடந்துகொள்ள வேண்டும் என்று டுவேன் மிகுந்த மன வருத்தத்துடன் சொன்னார்.

அடுத்த வாரம் அந்தக் குளிர்காலத்தின் முதல் பனி விழுந்தது.

அந்த வெள்ளிக்கிழமை டுவேன் ஒரு காணொளியோடு வந்தார். லாரி நிறுத்தும் முற்றத்தில் இருக்கிற கேமரா எடுத்தது. காலை ஒன்பது மணிக்கு ஒரு பனி லாரி வந்து நிற்கிறது. ஓட்டுநர் பின்புறமாக இறங்குகிறார். கடைசிப் படியில் நின்று கையால் இடது காலைத் தூக்கிக் கீழே வைக்கிறார். பிறகு லாரி மேல் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்கிறார்.

விஷயத்தை டுவேன் விளக்கினார். ஊழியரின் உடல்தகுதியை முடிவு செய்ய வல்லுநர் குழுவின் கருத்தைப் பெற வேண்டும் என்பது சுற்றறிக்கை. கவுண்டியில் வல்லுநர் குழு கிடையாது. ஆனால் முழங்கால் சம்பந்தமாக எட்டு வருஷ அனுபவம் உள்ள ஒரே அமைப்பு இந்த மேசைதான். சொந்த விருப்பு வெறுப்புக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டு, ஆர்லீனின் தொலைக்காட்சியில் அதை மெதுவாக ஓடவிட்டார்.

வெர்லின் மினிட் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாராவது தன் பக்கம் திரும்பி, என்னப்பா ஆச்சு, வலிக்குதா என்று ஒரு வார்த்தை கேட்பார்கள் என்று காத்திருந்தார். யாரும் திரும்பவில்லை. எல்லாரும் திரையில் இருந்த வெர்லினைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மூட்டுத் தேஞ்சு போச்சு. எலும்பும் எலும்பும் உரசுது," என்றார் டாக்டர் ஓபெர்க்.

"எவ்வளவு ஓடியிருக்கு?" என்று கோர்டி கேட்டார்.

டுவேன் செயலாளரைப் பார்த்தார். தகவல் தர வேண்டியது செயலாளரின் கடமை. "இருபத்தாறு குளிர்காலம்," என்றார் வெர்லின். "ஒரு நாள்கூட லீவு போட்டதில்ல."

"அதான் தேஞ்சிருக்கு," என்றார் கோர்டி.

"நாலு வருஷம்தான் டுவேன்," என்றார் வெர்லின் மெதுவாக. "அதுவரைக்கும் ஓட்டிருவேன். இன்னிக்கு வரைக்கும் ஒரு பள்ளிக்கூட பஸ்ஸாவது என் ரோட்டில மாட்டிக்கிட்டு நின்னிருக்கா?"

டுவேனுக்கு உண்மையிலேயே கண் கலங்கியது. "வெர்லின், நீ நல்லவனா கெட்டவனாங்கறது பேச்சில்லப்பா. உனக்குத் தெரியாததா? நீதானே எங்களுக்குச் சொல்லிக்குடுத்த."

பக்கத்துக் கவுண்டியோடு அவர் ஏற்கெனவே பேசி முடித்திருந்தார். அவர்கள் வெர்லினை எடுத்துக்கொண்டு பனி உருகச் சாலையில் தூவுகிற உப்பின் கிடங்கு வாசலில் லாரி எண்ணுகிற வேலையில் போட்டுக்கொள்வார்கள். பதிலுக்கு இரண்டு ஓட்டுநர்கள் வருவார்கள். ஒருவனுக்கு இருபத்து மூன்று வயது, இன்னொருவனுக்கு இருபத்தைந்து. போதாததற்கு, அடுத்த குளிர்காலத்தில் அங்கே புதிதாக வேலைக்கு வருகிறவர்களில் முதல் ஆளை இவர்கள் பொறுக்கிக்கொள்ளலாம்.

வெர்லின் நேர்மையான மனிதர். நல்ல பேரம்தான் என்று தனக்கே தோன்றியதை அவரால் மறைக்க முடியவில்லை. அப்படித் தோன்றியதற்காக வெட்கப்பட்டார். பிறகு படிவத்தை இழுத்து வைத்து நிரப்பினார். தயாரிப்பு ஆண்டு எழுதினார். பழுது, இடப்பக்கம், நடுமூட்டு என்று எழுதினார். தீர்மானம் ஏகமனதாக இருக்க வேண்டும் என்பதால் பத்துக் கைகள் உயர்ந்தபின் பதினோராவதாகத் தன் கையையும் உயர்த்தினார்.

கூட்டம் முடிந்தது. அடுத்த குடும்பம் ஒன்று மேசைக்காக வாசலில் காத்திருந்தது. ஆர்லீன் வந்து, "எந்திரிங்கப்பா, ஆளுங்க நிக்கிறாங்க," என்றாள்.

வெர்லின் இரண்டு கைகளையும் மேசையில் ஊன்றி எழுந்தார். அம்மா என்று வாய்விட்டு முனகினார். இரண்டு வருஷமாக அடக்கி வைத்த முனகல் அது. எதையும் மறைக்க வேண்டிய அவசியம் போய்விட்டதால், இடது காலைத் தாராளமாக இழுத்து இழுத்து நடந்து, கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

மற்ற பத்து பேரும் அவர் போவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் ஓபெர்க்குக்கு இடுப்பில் ஒரு பிடிப்பு உண்டு. கோர்டி எழும்போது எப்போதும் எதையாவது பிடித்துக்கொள்வார். டுவேன் மேசைக்கு அடியில் தன் வலது பாதத்தை மெல்ல அசைத்துப் பார்த்தார், அது மரத்துப்போயிருந்தது. ஆர்லீன் தட்டுகளை எடுத்தாள், மேசையைத் துடைத்தாள், நாற்காலி வேண்டும் என்று இரண்டு முறை சொன்னாள். இன்னொரு சுற்று மீன் கொண்டுவரச் சொன்னார்கள். மற்ற ஒன்பது பேரின் கண் முன்னால் முதல் ஆளாக எழுந்து நிற்க யாரும் தயாராக இல்லை.