பதினோரு எண்ணெய்த் தலைகள்

எனக்குப் பொய் சொல்ல வராது. முகமே காட்டிக் கொடுத்துவிடும். ஆனால் பொய் எழுத நன்றாக வரும் என்பது போன வருஷம் ஆனி மாதம்தான் தெரிந்தது.

தென்காசியில் பத்திரம் எழுதுவது என் தொழில். வடக்கே இன்னார் வீடு, தெற்கே பொதுப்பாதை என்று நாள் முழுக்க நான்கெல்லை எழுதி அலுத்துப்போய், ஆசைக்கு இயற்கையைப் பற்றி ஒரு வலைப்பூ வைத்திருந்தேன். கடைசிப் பதிவை "மீதி நாளைக்கு" என்று முடித்திருந்தேன். அந்த நாளை வர நான்கு வருஷம் ஆனது. (சோம்பல்தான். கௌரவமான வேறு காரணம் தேடினேன், கிடைக்கவில்லை.) அந்த நான்கு வருஷமும் ஒருவர் மட்டும் மாதம் தவறாமல் வந்து "நலமா? ஏன் எழுதவில்லை?" என்று பின்னூட்டம் போட்டுக்கொண்டிருந்தார். சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் சங்கரலிங்கம் அண்ணாச்சி. என் வாசகர் வட்டம் என்பது அவர் ஒருவர்தான். அதை வட்டம் என்பதா, புள்ளி என்பதா தெரியவில்லை.

அவருக்காகவே அருவிச் சீசன் தொடங்கியதும் "சாரல் முப்பது" என்று அறிவித்தேன். முப்பது நாள், முப்பது பதிவு. ஒரே விதி: அன்று காலை கண்ணால் பார்த்ததை அன்றே எழுத வேண்டும். என் மனைவி செல்வி இதைக் கேட்டுச் சிரிக்கக்கூட இல்லை. யோகாவை மூன்றாம் நாளும், ஹிந்தியை நான்காம் நாளும் நான் கைவிட்டதைப் பார்த்தவள் அவள்.

முதல் வாரம் பிரமாதம். சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி கணுக்கால் உயரம்தான் வளர்ந்திருந்தது. பூக்காத பூவைப் பற்றி மூன்று பக்கம் எழுதினேன். பண்பொழியில் பார்த்த பறவைக்குப் பெயர் தெரியவில்லை. பழக்க தோஷத்தில் "கிழக்கே வேப்பமரம், மேற்கே மின்கம்பம், இதற்குட்பட்ட கம்பியில் ஒரு பறவை" என்று எழுதிவிட்டேன். அண்ணாச்சி அதற்கும் "அருமை" போட்டார்.

ஒன்பதாம் நாள் சனிக்கிழமை. ஐந்தருவிக்குப் போவதாகத் திட்டம். விடியும்போது ஜன்னலுக்கு வெளியே தூறல். அந்தக் குளிரில் போர்வையை உதறிவிட்டு எழ நான் என்ன முனிவரா? கண் விழித்தபோது மணி பத்தரை.

இந்த ஊர்க்காரன் செய்யவே கூடாத தப்பை அப்போது செய்தேன். சீசன் நேரத்தில் தென்காசியில் யார் வீட்டுக்கு ஃபோன் வந்தாலும், நலம் விசாரிக்கும் முன்னால் "தண்ணி விழுதா?" என்றுதான் கேட்பார்கள். நாங்களும் போய்ப் பார்த்துவிட்டு வந்த ஒருவரையாவது கேட்காமல் பதில் சொல்ல மாட்டோம். ஊருக்குள் தூறினால் அருவியில் விழும் என்று சட்டமில்லை. மலைக்கு மேலே மழை பெய்ய வேண்டும். பச்சைப்பிள்ளைக்கும் தெரிந்த இந்த விஷயத்தை ஓரமாக வைத்துவிட்டு, பழைய ஐந்தருவிப் பதிவு ஒன்றைத் தூசி தட்டித் தேதியை மாற்றினேன். "ஐந்து கிளைகளிலும் தண்ணீர் ஆர்ப்பரிக்கிறது. இன்று காலை தலை கொடுத்தேன், கழுத்து இன்னும் வலிக்கிறது" என்று புதிதாக ஒரு வரியும் சேர்த்தேன். (கழுத்து வலித்தது உண்மை. தலையணை சரியில்லை.)

மறுநாள் முற்பகலில் ஃபோன் வந்தது. என் எண்ணை வலைப்பூவிலேயே போட்டு வைத்திருந்தேன்.

"சார், சிவகாசி சங்கரலிங்கம் பேசுறேன். குடும்பத்தோட ஐந்தருவியில நிக்கிறோம். நீங்க எழுதின பாறை இருக்கு. தண்ணியத்தான் காணோம்."

பைக்கை எடுத்துக்கொண்டு பறந்தேன். மொத்தம் பதினோரு பேர். வேனை விட்டு இறங்கியதும் நேரே அருவிக்குள் புகுந்துவிடலாம் என்று, கடையநல்லூர் தாண்டி ஒரு மரத்தடியில் நிறுத்தி எல்லாரும் உச்சி முதல் உள்ளங்கால் வரை நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு வந்திருந்தார்கள். வெயிலில் வரிசையாக மின்னினார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரே ஒரு கிளையில் மட்டும் பாறை லேசாக வியர்த்திருந்தது.

அண்ணாச்சியை நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. கையைப் பிடித்தார், வழுக்கியது. எனக்காக நான்கு வருஷம் காத்திருந்த ஒரே மனிதர், இனி நான் எழுதும் ஒரு வரியையாவது நம்புவாரா? அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். "நேத்து நல்லா விழுந்துச்சு அண்ணாச்சி, இன்னைக்குத்தான்..." என்று இழுத்தேன்.

பக்கத்தில் மங்குஸ்தான் பழம் விற்றுக்கொண்டிருந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தார். "நேத்து ஏது தண்ணி? அஞ்சு நாளா இப்படித்தான் கெடக்கு. யாவாரமே இல்லாம ஈ ஓட்டுதேன்."

பதினோரு தலைகளும் என் பக்கம் திரும்பின. வேறு வழியில்லாமல், நேற்று நான் இங்கே வரவே இல்லை, வீட்டில் தூங்கிவிட்டேன், நான் எழுதியது நான்கு வருஷத்துக்கு முன்னால் விழுந்த தண்ணீர் என்று ஒப்புக்கொண்டேன். அண்ணாச்சி திரும்பி அந்தக் காய்ந்த பாறையைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவர் மனைவிதான், பிள்ளைகளுக்கு எண்ணெய் கண்ணில் இறங்குகிறது, குளிக்க எங்கேயாவது தண்ணீர் கிடைக்குமா என்று கேட்டார்.

கிடைக்கும். என் வீட்டில்.

வாசலில் வேன் நின்றதும் செல்வி வெளியே வந்தாள். இரண்டே வாக்கியத்தில் விளக்கினேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மோட்டாரைப் போட்டாள், சோபா இருக்கும் முன்னறையைப் பூட்டினாள், முற்றத்தில் பாயை விரித்துவிட்டுச் சீயக்காய் கரைக்கப் போனாள். இருப்பது ஒரே குளியலறை. சின்னவர்களில் தொடங்கி வரிசை கட்டினார்கள். எட்டாவது ஆள் தலை நிறையச் சீயக்காயோடு நிற்கும்போது தொட்டி காலி. எதிர் வீட்டிலிருந்து குடம் குடமாக நான் சுமந்தேன். கழுத்து வலிக்கு அன்றுதான் நியாயமான காரணம் கிடைத்தது.

குளித்து முடித்தவர்களுக்குச் சாம்பார் சாதம் பரிமாறிக்கொண்டே செல்வி என்னிடம் சொன்னாள்: "பத்திரத்துல இப்படி எழுதியிருந்தியன்னா இந்நேரம் உள்ள தூக்கிப் போட்டிருப்பாவ. பிளாக்குல எழுதினதால குளிக்க வந்திருக்காவ. அம்புட்டுதான் வித்தியாசம்."

அண்ணாச்சி அப்போதுதான் சிரித்தார். சிரிப்பில் புரையேறி, தலையில் தட்டிக்கொண்டு, செல்வியைத் "தங்கச்சி" என்று கூப்பிட்டு இன்னொரு கரண்டி சாதம் கேட்டார். எனக்கு உயிர் வந்தது.

பத்தாம் நாள் பதிவில் இவ்வளவையும் அப்படியே எழுதினேன். அன்று கண்ணால் பார்த்தது அதுதானே. நான் எழுதியதிலேயே ஊரெல்லாம் படித்த பதிவு அது ஒன்றுதான். பின்னூட்டத்தில் அண்ணாச்சியின் பேத்தி எங்கள் குளியலறைக்கு "ஆறாவது அருவி" என்று பெயர் சூட்டிவிட்டாள். இன்றைக்கும் விருந்தாளி யார் வந்தாலும் என் மகள் துண்டை நீட்டி, ஆறாவது அருவி அந்தப் பக்கம் என்று கை காட்டுகிறாள்.

முப்பது நாளையும் எப்படியோ முடித்தேன். அண்ணாச்சி ஒரு பதிவைக்கூட விடவில்லை. இந்த வருஷம் சாரல் தொடங்கியதும் கூப்பிட்டு, ஒவ்வொரு பதிவாக நினைவு வைத்துப் பாராட்டினார். எனக்கு உண்மையிலேயே கண் கலங்கிவிட்டது. அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்:

"சார், தப்பா நெனைக்காதீங்க. அருவி நெலவரம் கேக்கணும். ஃபோனைத் தங்கச்சிகிட்ட குடுங்க."