காட்பாடி 'எப்போ' பாய்

மலைப்பாதையில் மண் சரிந்து நாலு நாள் பஸ் வராமல், ஜமுனாமரத்தூர் சந்தைக்கு வந்த பலாப்பழமெல்லாம் அங்கேயே பழுத்து வெடித்து ஊரே ஈ மொய்த்துக் கிடந்ததே, அதற்கடுத்த மாசம்தான் நான் 'எப்போ' பாயிடம் மாட்டினேன். அந்த ஈக்களே தேவலை. விரட்டினால் ஒரு நிமிஷமாவது அப்பால் போகும்.

காட்பாடி ஸ்டேஷனுக்கு எதிர்ச் சந்தில் ஒரு லாட்ஜ். அதற்கு மேனேஜர் அவர். நிஜப் பேர் என்னவோ, ஆட்டோக்காரரிலிருந்து டீ மாஸ்டர் வரை எல்லோருக்கும் 'எப்போ' பாய்தான். வந்த விருந்தாளியைப் பார்த்து எப்போ கிளம்புவே என்று கேட்டே வயிறு வளர்த்த மனுஷன் இந்தப் பூலோகத்தில் அவர் ஒருவர்தான்.

என் வீட்டுக்காரிக்கு வலது கண் சின்ன வயசிலேயே மூங்கில் சிம்பு குத்திப் போய்விட்டது. இருந்த இடது கண்ணிலும் மூடுபனி இறங்கியது. பக்கத்தில் நிற்கிற ஆளைக் குரலை வைத்துத்தான் கண்டுபிடிப்பாள். ஜமுனாமரத்தூர் டாக்டரம்மா, "தாத்தா, தள்ளிப்போட்டா இதுவும் போய்டும்" என்று காட்பாடியில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

வளைவுக்கு வளைவு வாந்தியெடுத்துக்கொண்டு வந்து, அவள் கையைப் பிடித்து லாட்ஜ் படி ஏற்றினேன். குடிக்கத் தண்ணி வேணுமா என்று கேட்க நாதியில்லை. பாறைக்கு வெடி வைத்த மாதிரி ஒரு குரல்.

"பேரு? ஊரு? எப்போ காலி பண்றீங்க?"

"இன்னும் உள்ளயே போவலீங்களே!"

"அதாங்க கேக்குறேன். எப்போ?"

எங்கள் மலையில் வந்தவருக்குக் கூழ் ஊற்றி, அவர் வாயைத் துடைத்த பிறகுதான் பேரையே கேட்போம். எப்போ போவீங்க என்று கேட்பதும் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதும் எங்களுக்கு ஒன்றுதான். கலசப்பாக்கத்து மாட்டு வியாபாரி ஒருத்தர் வழி தப்பி வந்து என் வீட்டில் ஒரு மாசம் இருந்தார். நாங்கள் கேட்கவில்லை. அவரே சலித்துப்போய்க் கிளம்பினார்.

அந்த அறையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கட்டிலைப் போட்டுவிட்டுச் சுற்றிச் சுவர் கட்டியிருப்பார்கள் போல. கதவைத் திறந்தால் நேரே கட்டில் மேல்தான் கால் வைக்க வேண்டும். ரயில் போனால் கட்டில் நகரும். சென்னை ரயிலுக்குக் கிழக்கே போனது பெங்களூர் ரயிலுக்குத் திரும்பி வந்துவிடும்.

விடிந்து ஆறு மணிக்குக் கதவைத் தட்டினார். "பெர்சு, எப்போ?"

உள்ளேயிருந்து என் வீட்டுக்காரி, "இப்பத்தான் அடுப்பு மூட்டிகினு இருக்கோம் பாய். ஆட்ட அறுத்து, கறியாக்கித் துன்னுட்டு வர்றோம்" என்றாள்.

"ரூம்ல அடுப்பு வெக்கக்கூடாதும்மா!" என்று அலறினார். கதவிடுக்கில் மூக்கை வைத்து மோந்து பார்த்துவிட்டுத்தான் போனார்.

எங்களிடம் மட்டுமா? ஏலகிரிக்குப் போகிற புது ஜோடி ஒன்று கழுத்து மாலை வாடாமல் வந்து நின்றது. அவர்களிடமும் அதே கேள்வி. அந்தப் பையன் அழாத குறையாக, "இப்பத்தான பாய் தாலியே கட்டனேன்" என்றான். ஸ்டேஷன் ஒலிபெருக்கியில் ரயில் தாமதம் என்று சொன்னால், சந்தில் நின்றபடி ஒலிபெருக்கியைப் பார்த்தே "எப்போ?" என்று கத்துவார்.

நோட்டில் புறப்படும் நாள் எழுதுகிற கட்டம் நிரம்பாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. மூன்றாம் நாள் எனக்கு வீம்பு ஏறி, "மழ நின்னதும் போறோம்" என்றேன். எழுதிக்கொண்டார். அன்றைக்கு வெயில் மண்டையைப் பிளந்தது. ஐந்து நிமிஷத்தில் திரும்பி வந்து, "நின்னு போச்சே பெர்சு" என்கிறார்!

ஐந்தாம் நாள், கல்யாணக் கோஷ்டி ஒன்று எங்கள் அறையைச் சனிக்கிழமைக்குப் போனிலேயே பிடித்துவிட்டது. மனுஷன் கொதித்துக்கொண்டு வந்தார்.

"ஆஸ்பத்திரில இன்னாதான் சொல்றாங்க?"

"உக்காருங்க, கூப்புடுவாங்கன்னு சொன்னாங்க."

"எப்போ?"

"அத எப்டிங்க நாம கேக்குறது? மரியாதையா இருக்காதே."

"அஞ்சு நாளா சும்மாவா உக்காந்துகினு இருக்கீங்க?"

"பொழுதன்னிக்கும்."

கைலியை மடித்துக் கட்டினார். சாவிக்கொத்தை டீ மாஸ்டரிடம் எறிந்தார். "வா!" என்றார். என் வயசுக்கு, 'வா'!

ஆஸ்பத்திரி ஜன்னலில் இருந்த பெண் சீட்டைக் கேட்டாள். இடுப்பிலிருந்து எடுத்தேன். மஞ்சள் துணியில் சுற்றி, அதற்கு மேல் பிளாஸ்டிக் பை சுற்றி ஐந்து நாளாய்ப் பத்திரமாக வைத்திருந்தேன். கேட்டால் கொடுக்கலாம் என்றிருந்தேன், யாரும் கேட்கவில்லை.

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "இத குடுத்தாதான தாத்தா பேரே எழுதுவோம்! தெனமும் பாக்குறேன், யாருக்கோ தொணைக்கு வந்தவங்கன்னு இல்ல நெனச்சேன்?"

"யா அல்லா!" என்றார் பாய். அத்தனை பேருக்கு முன்னால் என்னை ஒரு பார்வை பார்த்தார். அதை இன்னும் நான் மன்னிக்கவில்லை.

அதற்கப்புறம் அந்த ஆஸ்பத்திரி பட்ட பாடு! வாட்ச்மேனிடம் எப்போ, நர்ஸிடம் எப்போ, லிஃப்டிடம்கூட எப்போ. மத்தியானமே டாக்டர் பார்த்துவிட்டார். "இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா இந்தக் கண்ணும் போயிருக்கும்" என்றார். நான் வீட்டுக்காரி கையைப் பிடித்துக்கொண்டேன். பாய் டாக்டரைப் பிடித்துக்கொண்டார்.

"ஆபரேஷன் எப்போ சார்?"

"நாளைக்கு."

"நாளைக்கு எப்போ?"

"காலைல மொதல் ஆளா. நீங்க யாரு, மகனா?"

"ரூம்காரன் சார்."

ஆபரேஷனுக்கு மறுநாள் கட்டு அவிழ்த்தார்கள். பாயும் வந்து நின்றார். எங்களுக்காக இல்லை, அறைக்காகத்தான் என்று இன்றைக்கும் அடித்துச் சொல்வேன். என் வீட்டுக்காரி கண்ணைச் சுருக்கி என்னைப் பார்த்தாள். அப்புறம் திரும்பிப் பாயை மேலும் கீழும் பார்த்தாள்.

"இவரா பாயி? அந்தக் கொரலுக்கு ஆறடி ஆளுன்னு இல்ல நெனச்சிகினு இருந்தேன்! இன்னாங்க பாய், இம்மாத்தூண்டு இருக்கீங்க?"

அவர் வாயைத் திறந்தார். "எ" என்றார். மூடிக்கொண்டார்.

ஆனால் சனிக்கிழமை காலை எங்கள் பையை அவரே தூக்கி வாசலில் வைத்துவிட்டார். போய்ட்டு வாங்க என்று ஒரு வார்த்தை உண்டா? "பஸ் வந்துடும், நட நட!"

தொல்லை அதோடு விட்டதா? சொட்டு மருந்து விட்டாச்சா என்று தினம் மூன்று வேளை போன். எங்கள் ஊரில் போன் கேட்க வேண்டுமென்றால் பாறை மேல் ஏற வேண்டும். ஏறாவிட்டால், ஜமுனாமரத்தூர் மருந்துக் கடைக்காரரைப் பிடித்து ஆள் அனுப்பிவிடுவார். இந்த வயசில் மூன்று வேளை பாறை ஏற வைத்தார், மருந்து தீர்ந்த பிறகும்.

போன மாசம் போன் கை தவறி அந்தப் பாறையிலிருந்து விழுந்து நொறுங்கியது. அவர் நம்பரும் அதோடு போச்சு, ஆள் அனுப்பலாம் என்றால் மருந்துக் கடையும் மூடிக் கிடக்கிறது.

நீங்கள் யாராவது காட்பாடிப் பக்கம் போனால் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். எதிர்ச் சரிவில் மேய்கிற ஆட்டை அவள் இங்கிருந்தே எண்ணுகிறாள். அவர் ரொம்ப ஒல்லியாக இருக்கிறாராம், வேளைக்குச் சாப்பிட வேண்டுமாம். எல்லாம் அவள் சொன்னதாகவே சொல்லுங்கள். மூன்று வேளையும் நான் இன்னும் பாறை ஏறி நின்றுவிட்டுத்தான் இறங்குகிறேன் என்பதையும், முடிந்தால், அவள் சொன்னதாகவே சொல்லிவிடுங்கள்.