ஆறட்டும் மெக்கானிக்

காலை ஏழு ஐம்பது. பட்டறைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது, சூடு ஆறிவிட்டதா என்று என் பைக் எஞ்சினில் கன்னத்தை வைத்துக் கண்மூடிக் குனிந்திருந்த மெக்கானிக். லாரிகள் பறக்கிற சங்ககிரியில் அவசரமே படாத ஒரே மனிதர் அவர்தான். எதற்கும் "ஆறட்டுமுங்க" என்பார். ஊருக்கு அவர் பெயரே 'ஆறட்டும்'.

வால்வு இடைவெளி சரிபார்க்க வேண்டுமானால் வண்டியை முந்தைய நாளே விட்டுவிட வேண்டும். எஞ்சின் ராத்திரி முழுக்க ஆறினால்தான் மூடியைத் திறப்பார். டீயும் அப்படித்தான், ஆடை படிந்த பிறகே வாயில் வைப்பார். கடைக் கூரை தீப்பிடித்தபோதும் "ஆறட்டும்" என்றாராம். என்னால் நம்பாமல் இருக்க முடியவில்லை.

என் வண்டியின் மூடியை அவர் கழற்றி வைத்தபோது, ஒரு பைக் திணறியபடி வந்து நின்றது. ஓட்டி வந்தவருக்குப் பின்னால் அவர் மகள், கையில் அரசுத் தேர்வுக்கான நுழைவுச்சீட்டு.

"ஏனுங்க, ஒம்போது மணிக்குக் கேட்டைச் சாத்திருவாங்க. திருச்செங்கோட்டுக்கு அந்தாண்ட காலேஜுங்க, பஸ்ஸு போகாது" என்றார் அப்பா.

ஆறட்டும் அந்த வண்டியின் கிக்கரை மிதித்தார். கால் எதிர்ப்பே இல்லாமல் இறங்கியது.

"வால்வு டைட்டுங்க, இடைவெளியே இல்ல. சரியா மூடறதே இல்ல. யாரு இப்படி வெச்சது?"

"டிக்டிக்குனு சத்தம் வந்துச்சுங்க. ஒருத்தரு நிறுத்திக் குடுத்தாரு."

"வண்டியையும் நிறுத்திட்டாரு. ஆறட்டும். சாயங்காலம் பாக்கலாம்."

"அப்பா, இவரு என் பரீட்சையையும் ஆறப் போட்டுருவாரு!" என்றாள் மகள்.

"இப்பவே லூஸ் பண்ணி உடுங்க!" அப்பா கைகூப்பினார்.

"சூட்டுல அளந்தா அளவு பொய் சொல்லுமுங்க. பாதி வழியில நின்னா என்ன பண்ணுவீங்க?"

மணி எட்டே கால். மச்சானைக்கூடத் தொடவிடாத தன் வண்டியின் சாவியை இடுப்பிலிருந்து அவிழ்த்து நீட்டினார் ஆறட்டும்.

"டிக்டிக்குனு கத்துமுங்க, கத்தட்டும். சத்தம் நின்னாத்தான் பயப்படோணும். கடை போர்டுல நம்பர் இருக்குது, சேர்ந்ததும் கூப்புடுங்க. நல்லா எழுதிட்டு வா சாமி."

வண்டி போனது. டிக்டிக் தேய்ந்து தேய்ந்து, பிறகு கேட்கவில்லை. தூரம் போய்விட்டதா, நின்றே போய்விட்டதா? ஆறட்டும் ஸ்பேனரோடு நடுரோட்டில் நின்றார். லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துத் திட்டினார்கள். என் வண்டி திறந்தபடி கிடந்தது.

"ஆறட்டும், உள்ளே வாங்க" என்றேன்.

"எப்படீங்க ஆறும்?" என்று என் மீதே பாய்ந்தார்.

எட்டு ஐம்பத்திரண்டுக்குப் போன் அடித்தது. அப்பாவின் குரல் எனக்கே கேட்டது: "உள்ள போயிட்டாளுங்க!"

எதிர்க்கடையிலிருந்து டீ வந்தது. ஆவி பறக்க, ஊதாமல் குடித்து முடித்தார் ஆறட்டும்.