இன்னொருக்கா அண்ணையும் எங்கள் வீட்டு மாடுகளும்

சிஸ்டம் அப்டேட்டுக்குள் உப்புக்காற்று புகுந்துவிட்டது என்றுதான் நான் முதலில் நம்பினேன்.

சிரிக்க வேண்டாம். எழுவைதீவில் எது பழுதானாலும் உப்புக்காற்றுதான் காரணம். சைக்கிள் துருப்பிடித்தாலும் அதுதான், ரேடியோ இருமினாலும் அதுதான். ஒருவருடைய கல்யாணப் பேச்சு குழம்பியதற்குக்கூட அதைச் சொன்னவர்கள் உண்டு. ஆகவே எங்கள் வீட்டு கேம் பெட்டி அப்டேட் நடுவில் மூச்சை விட்டபோது, பழைய சாரத்துண்டு ஒன்றை எடுத்து அதன் முதுகை நன்றாகத் துடைத்தேன். இடையில் கரண்ட் ஒருமுறை போய் வந்ததுதான். ஆனால் இங்கே கரண்ட் போவதை யார் கவனிக்கிறார்கள்?

துடைத்தும் பெட்டி எழும்பவில்லை. எனக்கு வியர்த்தது. இன்னொருக்கா அண்ணையைக் கூப்பிட ஓடினேன்.

இந்தப் பூமியில் எந்தப் பொருளும் செத்துவிட்டதாக ஒப்புக்கொள்ளாத ஒரே மனிதர் அவர். ஊர்காவற்றுறைக்கும் எங்கள் தீவுக்கும் ஓடுகிற பயணிகள் படகில் வேலை. கயிறு அவிழ்ப்பார், மூட்டை ஏற்றுவார், கிழவிகளைக் கைபிடித்து இறக்குவார். சொந்தப் பெயர் ஞானஸ்நானப் புத்தகத்தில் இருக்கலாம். ஊருக்கு அவர் இன்னொருக்கா. எதற்கும் "இன்னொருக்காப் பாப்பம்" என்பார், பார்த்தும் விடுவார்.

ஒருமுறை படகின் இயந்திரம் கிளம்ப மறுத்தது. சனம் திட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டது. இவர் மட்டும் நின்று, இன்னொருக்கா, இன்னொருக்கா என்று முயன்று, பின்னேரம் போலக் கிளப்பிவிட்டார். பிறகு வீடு வீடாகப் போய்ப் படலையைத் தட்டி, "வாங்கோ, வெளிக்கிடுவம்" என்றார். நித்திரையில் இருந்தவர்களையும் எழுப்பி ஏற்றிக்கொண்டு போனார். அவர்களுடைய அலுவலகங்கள் எல்லாம் அதற்குள் பூட்டியிருந்தன என்பது வேறு கதை.

இவர் பெண் கேட்டபோது முடியாது என்றார்கள். ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிய அதே வீட்டுக்குப் போய், அதே கதிரையில் இருந்து, அதே கேள்வியைக் கேட்டார். மாமனார் கடைசியில் சம்மதித்தது மத்தியானச் சோற்றை நிம்மதியாகச் சாப்பிடத்தான் என்று ஊர் சொல்லும். ஒரு செத்த வீட்டில் டொக்டரிடமே, "ஐயா, நாடியை இன்னொருக்காப் பாருங்கோவன்" என்றவர் அவர். செத்தவர் எழும்பவில்லை. ஆனால் டொக்டருக்குத் தன் படிப்பிலேயே சந்தேகம் வந்துவிட்டது.

இப்போது நான் ஏன் வியர்த்தேன் என்று சொல்ல வேண்டும். கேம் பெட்டி என்னுடையது அல்ல, என் மனைவி ரோசலினுடையது. அவளுடைய தங்கச்சி பிரான்சில் இருக்கிறாள். விசாக் காகிதம் சரிவராததால் வரமுடியாது. முன்பெல்லாம் இருவரும் தொலைபேசியில் கதைத்தால் ஐந்து நிமிடத்தில் அழுகை தொடங்கிவிடும். பிறகு தங்கச்சி இந்தப் பெட்டியை அனுப்பினாள். அதற்குள் ஒரு தோட்ட விளையாட்டு. ஞாயிறு தோறும் அவள் அங்கிருந்தும் இவள் இங்கிருந்தும் ஒரே தோட்டத்துக்குள் இறங்கி, தக்காளி நட்டு, மாடு வளர்த்து, வேலி எங்கே போடுவது என்று சண்டை பிடிப்பார்கள். அழுகை நின்றுவிட்டது. அந்தத் தோட்டம் முழுவதும் இந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது.

ரோசலின் சொந்தக்காரர் கல்யாணத்துக்கு யாழ்ப்பாணம் போயிருந்தாள். வர இன்னும் நான்கு நாள். அப்டேட் கேட்ட பெட்டிக்கு "ஓம்" என்று அமத்தியது நான்.

அன்று பின்னேரமே அவளிடமிருந்து அழைப்பு வந்தது. "இஞ்சேருங்கோ, மாடு என்னமாதிரி?"

"நிக்குது" என்றேன். பொய்யில்லை. எல்லாமே நின்றுபோய்த்தானே இருந்தது.

யாழ்ப்பாணத்தில் போன் திருத்தும் கடை வைத்திருக்கும் கூட்டாளிக்கு அழைத்துக் கேட்டேன். பட்டனை இரண்டாவது 'பீப்' கேட்கும் வரை அமத்திப் பிடிக்கச் சொன்னான். பிடித்தேன். திரையில் வரிசையாகச் சில வரிகள் வந்தன.

"கடைசி வரியை அமத்து மச்சான். பெட்டி புதுசு மாதிரி வரும்."

"மாடு?"

"என்ன மாடு?"

விளக்கினேன். "உள்ள இருக்கிறதெல்லாம் அழிஞ்சிடும். மனுசி திரும்ப வளர்க்கட்டும்."

நான் விரலைக் கொண்டுபோனேன். பக்கத்தில் இருந்த இன்னொருக்கா அண்ணை என் கையைப் பிடித்தார். படகில் கிழவிகளைப் பிடிக்கும் அதே பிடி.

"பொறும் தம்பி. அந்தப் பிள்ளையள் ரெண்டு வருசமா வளர்த்த மாட்டை நீர் ஒரு விரலால கொல்லப் போறீரோ?"

"வேற வழி இல்லை அண்ணை."

"வேற வரி இருக்குது. ஒருக்கா வாசியும்."

நடுவில் ஒரு வரி இருந்தது. அப்டேட்டைப் பென் டிரைவில் கொண்டுவந்து ஏற்றலாம், உள்ளே இருப்பது அழியாது என்றான் கூட்டாளி. ஆனால் பைல் பெரியது. எங்கள் தீவின் சிக்னலில் இறக்குவதென்றால் மாடு கிழடாகிவிடும்.

"ஊர்காவற்றுறையில கொம்பியூட்டர் கடை இருக்குது. நான் கொண்டு வாறன்" என்றார் அண்ணை.

அடுத்த நாள் காலைப் பயணத்தில் போய், படகு வெளிக்கிடும் நேரத்துக்குப் பென் டிரைவைக் கழற்றிக்கொண்டு வந்தார். செருகினோம். பைல் பழுது என்றது திரை.

"அரைவாசிதான் ஏத்தினனான். படகுக்கு நேரமாப் போச்சு. மிச்சத்தை நாளைக்குக் கொண்டு வாறன்" என்றார்.

இதையும் நான் நம்பினேன். ஏன் நம்பக்கூடாது? என் வீட்டுக்குச் சீமெந்து அப்படித்தான் வந்தது. மணல், ஓடு, கதவு நிலை எல்லாம் ஒரு பயணத்துக்குக் கொஞ்சமாக அதே படகில் வந்து சேர்ந்தவைதான். அப்டேட் மட்டும் என்ன பெரிய ஆள்?

மறுநாளும் அரைவாசி. அது முதல் அரைவாசியோடு சேரவில்லை. "இன்னொருக்கா" என்றார். நான் கன்னியர்மடத்துப் பிள்ளை மாதிரிக் கைகூப்பிக்கொண்டு இருந்தேன்.

மூன்றாம் நாள் பின்னேரம் இறங்குதுறையில் காத்திருந்தேன். படகு வந்தது. சனம் இறங்கியது, மூட்டைகள் இறங்கின. அண்ணை இறங்கவில்லை. ஒரு மாட்டுக்காக மனிதனைக் கடலில் விட்டுவிட்டேனா? படகோட்டியைப் பிடித்து உலுக்கினேன்.

"ஆள் எங்கை?"

"அங்கை நிண்டுட்டுது."

"ஏன்?"

"எனக்கென்ன தெரியும்? நாளைக்கு வருமாம்."

நாளைக்கு வரும் படகில்தான் ரோசலினும் வருவாள்.

வந்தாள். இறங்குதுறையில் நின்று பார்த்தேன். அவளுக்குப் பக்கத்தில், பயணி மாதிரி வாங்குப் பலகையில் இருந்தபடி இன்னொருக்கா அண்ணை. சட்டைப்பையை ஒரு கையால் பொத்திப் பிடித்திருந்தார். அந்த மனிதருக்கு எல்லாம் வரும், பொய் மட்டும் வராது. ரோசலின் இறங்கினாள். என்னைப் பார்க்கவே இல்லை. வீட்டை நோக்கி முன்னால் நடந்தாள். பின்னால் அண்ணை. அவருக்கும் பின்னால், பயணப்பை தூக்கிக்கொண்டு நான்.

"எல்லாம் சொல்லிப் போட்டியளோ?" என்று அவர் காதுக்குள் கேட்டேன்.

"கேட்டவ, சொன்னனான். நீர் துடைச்ச துணியைப் பற்றிச் சொல்லேக்க மட்டும் சிரிச்சவ."

டிவிக்கு முன்னால் மூவரும் இருந்தோம். பட்டனை ரோசலினே அமத்திப் பிடித்தாள். நடுவில் இருந்த வரியையும் அவளே தெரிவு செய்தாள். கோடு நகர்ந்தது. பாதியில் நின்றது. நான் கண்ணை மூடினேன். "இன்னொருக்காப்..." என்று அண்ணை தொடங்கினார். கோடு மறுபடி நகர்ந்து, முடிந்தது.

தோட்டம் திறந்தது. தக்காளி அதே இடத்தில். மாடுகள் நின்றன, பசித்த முகத்தோடு. ரோசலின் அவற்றுக்குப் புல் வைத்தாள். பிறகு எழும்பி, "அண்ணை, இருங்கோ, தேத்தண்ணி போடுறன்" என்றாள். எனக்குக் கிடைக்குமா என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

அந்த ஞாயிறு தங்கச்சி பிரான்சிலிருந்து வந்து, வேலி கோணலாக இருக்கிறது என்று சண்டை தொடங்கினாள். குசினி அடுப்படியில் இருந்து கேட்டேன். நல்ல சண்டை.

நடந்தது இவ்வளவுதான். கரண்ட் போனதால் அப்டேட் பாதியில் அறுந்திருந்தது. பைலைச் சீமெந்து மாதிரித் துண்டு துண்டாகக் கொண்டுவர ஏலாது, முழுவதும் ஒரே தடவையில் இறங்கவேண்டும் என்று மூன்றாம் நாள் கடைக்காரப் பிள்ளை சொல்லியிருக்கிறது. அன்று பின்னேரம் இன்னொருக்கா அண்ணை வழக்கம்போல் ஊர்காவற்றுறை இறங்குதுறைக்கு வந்து, சனத்தை ஏற்றி, மூட்டைகளை ஏற்றி, படகின் கயிற்றைத் தன் கையாலேயே அவிழ்த்துவிட்டு, கரையிலேயே நின்றுகொண்டார்.