சங்கக்கடையிலிருந்து நாலாவது மதகு

உலகில் நிலையானவை மூன்று: சூரியன், சந்திரன், முல்லைத்தீவில் சிவராசா சேர் நடத்தும் மென்பொருள் நிறுவனத்தின் "நியமம்". வெளிநாட்டுக் காப்புறுதிக் கொம்பனியொன்றின் நாற்பது வயது மெயின்ஃப்ரேம் கணினிப் புறோகிராமை அந்த நிறுவனம்தான் கட்டிக்காத்து வருகிறது.

ஹாலிதா அங்கே ஆறு மாதத் தற்காலிக ஊழியர். அந்தப் பழைய அசெம்பிளிக் கட்டளைகள் எங்கே பாய்வதென்றாலும் "அடிமுகவரி" ஒன்றிலிருந்து எண்ணித்தான் பாயும். அடிமுகவரி மாறிப்போனால் பாய்ச்சல் காட்டுக்குள். அவள் இருநூற்றுப் பன்னிரண்டு கட்டளைகளையும், நிற்கிற இடத்திலிருந்தே எண்ணிப் பாயும்படி மாற்றினாள். புறோகிராம் பிழையின்றி ஓடியது. இந்த ஒழுக்கக்கேட்டை விசாரிக்க உடனே கூட்டம் கூடியது.

"அடி இல்லாமல் பாயிறது ஆபத்து, பிள்ளை," என்றார் சிவராசா சேர்.

"நிக்கிற இடம் தெரிஞ்சாக் காணும், சேர்."

கொம்பனி அதிகாரி வந்து பார்த்து ஒப்பமிட்டால் அவளுக்கு நிரந்தர நியமனம், இல்லாவிட்டால் வேலை இல்லை என்று கூட்டம் தீர்மானித்தது.

அதிகாரிக்கு வழி சொல்லி அனுப்பியதும் நியமப்படிதான்: "சங்கக்கடையிலிருந்து நாலாவது மதகு." அந்தக் கூட்டுறவுச் சங்கக்கடை போரோடு போய்விட்டது என்பது ஒரு சிறு குறை. வான் சாரதி விசாரிக்க, யாரோ வேறு ஊரான ஒட்டுசுட்டானின் சங்கக்கடையைக் காட்டிவிட்டார்கள். அவரும் பக்தியோடு நாலு மதகு எண்ணி, யானை வேலியில் போய் முட்டி நின்றார்.

அங்கிருந்து சாரதி அலுவலகத்துக்கு எடுத்த போனை ஹாலிதா வாங்கினாள். "அண்ணை, இப்ப எதில நிக்கிறியள்?"

அங்கிருந்து ஒவ்வொரு திருப்பமாகச் சொல்லி, ஒரு மணித்தியாலத்தில் வானை வாசலுக்குக் கொண்டுவந்தாள். அதிகாரி புறோகிராமை ஓட்டிப் பார்த்தார், ஒப்பமிட்டார், போனார்.

"கடையே இல்லையே, சேர்," என்றாள் பிறகு.

"இல்லாட்டி என்ன பிள்ளை, பதிவில இருக்குத்தானே."

நியமனக் கடிதம் தபாலில் போனது. ஏழு நாளில் பதில் வராவிட்டால் நியமனம் ரத்து. ஹாலிதா தினமும் கேட்டாள். அனுப்பியாயிற்று என்று தினமும் பதில் வந்தது. அனுப்பியது, விண்ணப்பத்தில் சேரே அவளுடைய குடும்பத்தின் காணி உறுதிப் பத்திரத்தைப் பார்த்து எழுதுவித்த "நிரந்தர முகவரி"க்கு: சங்கக்கடைக்கு எதிர் வளவு. தொண்ணூறாம் ஆண்டு, வடக்கு முஸ்லிம்கள் எல்லாரோடும் அவளுடைய வாப்பா உடுத்த உடுப்போடு வெளியேற்றப்பட்ட வளவு. இன்றுவரை திரும்பக் கிடைக்காத வளவு.

எட்டாம் நாள் அவளுடைய கதிரையை எடுத்தார்கள். சேரின் மேசையிலிருந்து அந்தக் கதிரைக்குப் பத்து அடி. எழுந்துபோய்க் கையில் கொடுத்திருக்கலாமே என்று நியமம் அறியாத சிலர் கதைக்கிறார்கள். அப்படிக் கொடுப்பதென்றால், அவள் இங்கேதான் இருக்கிறாள் என்று முதலில் ஒப்புக்கொள்ள வேண்டுமே.