தன் மேலேயே எழுதிய புகார்

"நான் எதுக்குங்க உங்க மேல புகார் குடுக்கப் போறேன்?"

"நீங்க இல்லியாம்மா?"

"சத்தியமா இல்ல. ஆமா, லோயர் மேலகூடப் புகார் குடுக்கலாமா?"

லோயர் கலியாணசுந்தரம் நாக்கைக் கடித்துக்கொண்டார். காஜா பெராங் பகுதியில், பூங்காவனத்தின் மாட்டுக் கொட்டகை வாசலில், சாணத்தை மிதிக்காமல் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தார் அவர். பக்கத்து வீட்டுக்காரன் வேலியை நகர்த்திப் போட்ட வழக்கை அந்த அம்மாள் அவரிடம் ஒப்படைத்து மூன்று வருஷமாகிறது. காகிதக் கட்டை அவர் இன்னும் அவிழ்க்கவே இல்லை.

முந்தின நாள் வழக்கறிஞர் சங்கத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. 'கட்சிக்காரர்களைக் கவனியாமல் விட்ட வழக்கறிஞர் மீது ஒழுங்கு விசாரணை, சனிக்கிழமை காலை பத்து மணி' என்ற தலைப்போடு அவர் நிறுத்திக்கொண்டார். மேற்கொண்டு படிக்கத் தெம்பில்லை. சங்கடமான கடிதங்களுக்கென்றே வைத்திருந்த இழுப்பறையில் போட்டு மூடிவிட்டார். புகார் கொடுத்தது யார்? யாராகவும் இருக்கலாம். அதுதான் வெட்கம். லைசன்ஸ் போனால் இருபத்திரண்டு வருஷத் தொழிலும் போயிற்று, பெயரும் போயிற்று.

"நேர்ல போய் மன்னிப்புக் கேட்டுடுங்க சார். வாபஸ் வாங்கிடுவாங்க" என்று யோசனை சொன்னவர் அவருடைய ஆபீஸ் குமாஸ்தா, கிராணி தம்பிராஜா.

பூங்காவனம் கையைத் துடைத்துக்கொண்டாள். "சரி, எனக்கும் ஒரு புகார் எழுதிக் குடுங்க."

"நானா? என் மேலயா?"

"எனக்கு எழுதத் தெரியுமா? வேற யாரைப் போய்க் கேப்பேன்? நீங்கதானே என் லோயர்."

தவிட்டு மூட்டைமேல் காகிதத்தை வைத்து எழுதினார். 'மேற்படியாரின் அலட்சியம் மன்னிக்கத்தக்கதன்று' என்று முடித்து வாசித்துக் காட்டினார். ஒரு கட்சிக்காரர் கேட்ட அன்றே அவர் எழுதி முடித்த முதல் காகிதம் அதுதான்.

"எவ்வளவு நல்லா எழுதறீங்க! இதே மாதிரி என் வேலிக்கு எழுதியிருக்கக் கூடாதா?"

அங்கிருந்து செமாபோக் பகுதியில் இருந்த இன்னொரு கட்சிக்காரர் வீட்டுக்குப் போனார். சின்னப்பா நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"குடியுரிமைக்கு மனுப் போடச் சொல்லி உங்ககிட்ட பேப்பரைக் குடுத்தப்போ வெள்ளைக்காரன் இருந்தான். மெர்டேக்கான்னு சுதந்திரம் வந்து வருஷம் ஒண்ணாச்சு. நாட்டுக்கே கொடி வந்துடுச்சு, எனக்குத்தான் ஒரு பேப்பர் வரல. ஆனா புகார் நான் குடுக்கல லோயர். பாவம், உங்களுக்கு ஆயிரம் வேலை."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அந்தப் 'பாவம்' தான் குத்தியது.

"இல்ல, நீங்க கட்டாயம் குடுக்கணும்" என்று லோயரே காகிதத்தை எடுத்தார்.

வெள்ளிக்கிழமை மாலை தம்பிராஜா தலையில் கை வைத்துக்கொண்டார். "ஒரு புகாரை வாபஸ் வாங்கப் போய் ஏழு புகாரோட வந்திருக்கீங்களே சார்! அதுவும் ஏழும் உங்க கையெழுத்துல!"

"டைப் அடிச்சிடு."

"கையெழுத்து யாரு போடுவாங்க?"

"அவங்களே நாளைக்கு வர்றாங்க. நான் தனியாப் போனா எனக்குப் பேச ஆள் வேணாமான்னு கேக்கறாங்க."

சனிக்கிழமை காலை டிரைஷா என்ற சைக்கிள் ரிக்‌ஷாக்கள் நான்கு சங்கக் கட்டடத்தின் முன் வரிசையாக வந்து நின்றன. ஏழு பேரும் ஆளுக்கொரு புகாரோடு அவருக்குப் பின்னால் படியேறினார்கள். "பயப்படாதீங்க, நாங்க இருக்கோம்" என்று பூங்காவனம் அவர் முதுகில் தட்டிக் கொடுத்தாள். 'எல்லாக் குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறேன்' என்ற வாக்கியத்தை வாய்க்குள் சொல்லிப் பார்த்தபடி, தலையைக் குனிந்துகொண்டே மாடிக்குப் போய்ச் சேர்ந்தார் கலியாணசுந்தரம்.

சங்கத்து டைப்பிஸ்ட் மல்லிகா கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தாள்.

"நல்லவேளை வந்துட்டீங்க சார்! புகார்ல மாட்டின லோயர் உள்ள நடுங்கிக்கிட்டு உக்காந்திருக்கார். விசாரணைக்கு நீங்கதானே தலைவர், கொஞ்சம் சீக்கிரம் வந்து நடு நாற்காலியில உக்காருங்களேன்!"