பத்தாவது இடம்

சூரியபிரகாஷ் பஞ்சுக்குச்சியால் ஒற்றி எடுத்த பத்து இடங்களில் ஒன்பது சுத்தம். ஜன்னலுக்குக் கீழே, தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் இருந்த பத்தாவது இடத்தில் மட்டும் கிருமிகள் பந்தி போட்டு உட்கார்ந்திருந்தன.

மார்க்கையன்கோட்டை பால்வாடிச் சுவருக்குக் கிருமிகொல்லி வர்ணம் அடித்து, அது வேலை செய்கிறது என்று காட்ட வந்தவன் அவன். 2008-இல் கிடைத்த முதல் சம்பள வேலை. மூன்று சோதனைக்குள் பத்து இடமும் தேறாவிட்டால் கம்பெனி அவனைக் கடமலைக்குண்டுக்கே திருப்பி அனுப்பிவிடும். அங்கே அப்பாவின் இலவங்காட்டில் பஞ்சு பொறுக்க ஆள் தேவைப்பட்டது.

அந்த இடத்துக்கு மட்டும் இன்னும் இரண்டு பூச்சு அடித்தான். வாடையில் பிள்ளைகளுக்குக் கண் எரிந்தது. சுவரில் உட்கார்ந்த ஈ ஒன்று நேராகத் தெருக்குழாய்க்குப் போய்க் கால் கழுவியதைப் பார்த்தவர்கள் உண்டு.

இரண்டாவது சோதனையிலும் பத்தாவது இடம் பெயில்.

“ஏதோ பிள்ளைதான் செவுத்த நக்குது டீச்சர்.”

சுகிர்தம் டீச்சர் சத்துமாவு உருண்டையைப் பிடித்துக்கொண்டே இருந்தார். மகளைக் கூப்பிட வந்த மாயக்காள்தான் நின்றாள்.

“ஏப்பா, நக்குனா எம்பிள்ளைக்கு என்ன ஆகும்?”

“ஒண்ணும் ஆகாதுக்கா. சோதிச்சுப் பாத்திருக்காக.”

“யாரு மேல?”

“செவுத்து மேல.”

மறுநாளிலிருந்து ஒரு பிள்ளையும் வரவில்லை. சூரியபிரகாஷுக்கு உள்ளுக்குள் நிம்மதி. ஆளில்லாத அறையில் யார் நக்குவது? சுவரைத் துடைத்துப் புதிதாகப் பூசினான். டீச்சரும் சமையல்கார ஜக்கம்மாவும் மட்டும் வேலைக்கு வந்துபோனார்கள். ஒரு வாரம் கழித்து ஒற்றி எடுத்தான்.

மூன்றாவது முடிவு வந்தது. பத்தாவது இடத்தில் முன்னைவிட இரண்டு பங்கு.

மண்டியிட்டுப் பார்த்தான். வர்ணத்தின் மேல் எண்ணெய்ப் பிசுக்கு. அதன்மேல் உட்கார்ந்த கிருமியை வர்ணம் தொடக்கூட முடியாது.

“ஒரு பிள்ளைகூட வரலையே டீச்சர். யாரு இங்கன வந்து எண்ணெத் தலைய வைக்கிறது? எம் பொழப்பே போச்சு.”

டீச்சர் முந்தானையால் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார்.

பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த ஜக்கம்மா தலை நிமிரவில்லை.

“போன ஆடியில காய்ச்சல்ல செத்துப்போன அவுக மகனுக்கு உசரம் பாத்துப் போட்ட கோடு உங்க வர்ணத்துக்கு அடியில கெடக்கு தம்பி, பிள்ளைக முன்னால அழுவக் கூடாதுன்னு, ஆளில்லாத நேரம் அதுல கன்னத்த வச்சுக்கிட்டு இருப்பாக.”